முகம்: தெரிந்தவர் யாராவது

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

வேறொரு கட்டுரைக்காக எதையோ தேடப்போய், கணினி விளையாட்டு ரசிகர்களின் பழைய இணையப் பக்கம் ஒன்றில் போய் விழுந்தேன். துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே போகும் ஒரு விளையாட்டை வாங்கி, அதன் வயிற்றைப் பிரித்து, உள்ளே தங்களுக்குத் தெரிந்த இடத்தையும் தெரிந்த ஆட்களையும் வைத்துத் தைத்துவிடத் திட்டமிடும் சிலர் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாஷையில் இதற்கு ‘மோட்’ என்று பெயர். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எதிரி எத்தனை அடி தாங்குவான், சுவரின் படத்தை எவ்வளவு நிறங்களுக்குள் அடக்க வேண்டும் என்று வரிசையாகப் போயிற்று. டெண்டர் விளம்பரம் போல வறண்ட எழுத்து. நடுவில் ஒரு வரி இருந்தது.

எதிரியின் முகம்: தெரிந்தவர் யாராவது. போட்டோ எடுத்தால் போதும்.

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த வரியில் கோபம் இல்லை, பகை இல்லை. செங்கல் உள்ளூரிலேயே கிடைக்கும் என்பதுபோல எழுதியிருந்தார்கள். திடுக்கிட வைத்தது அதுதான்.

எழுதியவர்கள் எந்த நாட்டவர் என்று தெரியாது. பனி கொட்டும் ஊராக இருக்கலாம். பனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கும்மிடிப்பூண்டி தெரியும். செய்தி சேகரிக்க அந்த மின்ரயிலில் அலைந்திருக்கிறேன். இரும்புத் துகள் படிந்து வேப்பமரங்கள் காவி நிறமாகிவிட்ட தொழிற்பேட்டைச் சாலைகளில் நடந்திருக்கிறேன். அதனால் பெயர் தெரியாத அந்த ஆட்களைக் கூட்டிவந்து 2006ஆம் ஆண்டில் கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டேன். இறங்கியதும் அவர்கள் வேறு ஆட்களாகிவிட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: “கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு ஆலை ஒன்றின் ஃபோர்மேன், தம்மிடம் வேலை பார்த்தவர்களாலேயே தினந்தோறும் சுட்டுக் கொல்லப்பட்டு வந்தது தெரியவந்துள்ளது. இது குறித்து—”

[செய்தித்தாள் பழக்கம். ‘தெரியவந்துள்ளது’ என்று எழுதினாலே அதற்குப் பிறகு மனிதர்கள் வரமாட்டார்கள். விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: “விஜயகுமார் துப்பாக்கியை உயர்த்தினான். செங்கல்வராயன் மெல்லத் திரும்பினார். அவர் நெற்றியின் நடுவே—”

[உங்களைப் பதற வைத்துவிட்டு, அடுத்த பத்தியில் இது வெறும் விளையாட்டு என்று சொல்லும் தந்திரம். இந்தக் கதைக்கு அது தேவையில்லை. இதில் உண்மையாகப் பதற வேண்டிய இடம் பின்னால் இருக்கிறது.]

மூன்றாம் தொடக்கம் துப்பாக்கி இல்லாமல்.

விஜயகுமார் பழவேற்காட்டுக்காரன். ஏரியில் வலை போடும் குடும்பம். அவன் மட்டும் டிப்ளமா படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான். உலையில் பழுத்த இரும்புக் கட்டிகளை உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுக்கும் ஆலை அது. நியாஸும் பழவேற்காட்டுப் பையன். இறால், கருவாடு வியாபாரம் செய்யும் வீடு. அப்பா அசன் முகைதீனிடம் போராடி முதல் பணம் வாங்கி, கவரைப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஜெராக்ஸ், தமிழ் டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் டிசைன் எல்லாம் உண்டு. கடைசியில் இருந்த கணினிகள் விளையாட்டுக்கு. இருவரும் பள்ளியிலிருந்து கூட்டாளிகள். ஷிஃப்ட் முடிந்ததும் விஜயகுமார் நேரே அங்கேதான் வருவான்.

விளையாட்டுக்குள் தன் மில்லையே கட்ட வேண்டும் என்ற யோசனை அவனுடையது. உலை, உருளைகள், கம்பிகள் ஆறும் மேடை, ஸ்டோர் எல்லாவற்றையும் திரையில் கோடு கோடாக எழுப்பினான். வேலை நேரத்தில் நடைபாதைகளை மனதில் அளந்துகொள்வான். மாலையில் வந்து வரைவான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒரு மில் கட்டிக்கொண்டிருந்தான். யாரும் அவனை ஏவவில்லை.

3

திட்டம் போட்ட நாளின் பேச்சு இது. நியாஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க மில்லுல ஒளியறதுக்கு ஒரு எடம் கூட இல்லியாடா? மைதானம் மாரி கீது. ஆடறவன் உள்ள வந்தவொடனே செத்துடுவான்.”

“ஒளியறதுக்கு எடம் இருந்தா நாங்க ஒளிஞ்சிருக்க மாட்டோமா? அந்தாளு கண்ணுல படாம ஒண்ணுக்குப் போறதே பெரிய பேஜாரு.”

“எந்தாளு?”

“செங்கல்வராயன். ஃபோர்மேன்.”

நியாஸ் நாற்காலியோடு திரும்பினான். “அப்போ வில்லன் கெடச்சிட்டான்.”

“டேய், வாணாம்டா.”

“பின்ன? கேமோட வர்ற வெள்ளக்காரனையே வெக்கப் போறியா? உங்க மில்லுல அவன் நின்னா, அட்ரஸ் தெரியாம வந்து மாட்டிக்கினவன் மாரி கீறான். அவனப் பாத்தா சுடத் தோணல, டீ வாங்கிக் குடுக்கத்தான் தோணுது.”

விஜயகுமார் சிரித்துவிட்டான். சிரித்ததோடு முடிவாகிவிட்டது.

முகத்தை ஒட்ட நேராக ஒரு படம், இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொரு படம் வேண்டும். மறுநாள் கேன்டீனில் விஜயகுமார் தன் புது செல்போனை நீட்டினான்.

“இன்னாடா, போலீஸ் டேஷன்ல எட்க்கற மாரி இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்புன்ற?” என்றார் செங்கல்வராயன்.

“கேமரா எப்டி கீதுன்னு டெஸ்ட் பண்றேன் சார்.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எடுத்து முடித்ததும் சொன்னார்: “அதுல ஒரு காப்பி போட்டுக் குட்றா. ஊட்ல எம் போட்டோவே கெடையாது. கல்யாணத்துல எட்த்தது ஒண்ணு கீது, அத்தப் பாத்தா எனக்கே நான் யாருன்னு தெர்ல.”

“தரேன் சார்.”

[சீப்பு என் திட்டத்தில் இல்லை. அவராக எடுத்துக்கொண்டார். வாசகரின் இரக்கத்தை இவ்வளவு சீக்கிரம் கிளப்பக் கூடாது என்று இந்த இடத்தை வெட்டினேன். மறுபடி ஒட்டிவிட்டேன்.]

காப்பி போடவில்லை. படங்களைக் கணினிக்கு மாற்றி, மூன்றையும் ஒரே தட்டையான முகமாக இணைத்ததும், செல்லில் இடம் போதாமல் மூலப் படங்களை அழித்துவிட்டார்கள்.

அடுத்தது ஒரு தொழில்நுட்பச் சிக்கல். வில்லன் ஒரே குண்டில் விழுந்துவிட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும். முதல் குண்டு பட்டது தெரிய வேண்டும், ஆனால் அவர் நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்கு இரண்டு முகங்கள் தேவை. ஒன்று சாதாரண முகம். இன்னொன்று நெற்றியில் குண்டு பட்ட முகம். குண்டு பட்டதும் விளையாட்டு ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மாட்டிவிடும். விஜயகுமார் முதலில் ரத்தம் மூக்கு வரை வழிவதுபோல வரைந்தான்.

“நல்லால்லடா,” என்றான் நியாஸ். “கலர் பத்தல. மூஞ்சில சட்னி கொட்ன மாரி கீது. ஓடற மாரி போடாத. நடுவுல ரவுண்டா ஒண்ணு வை, போதும்.”

விஜயகுமார் வழிந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, நெற்றியின் நடுவில் கருஞ்சிவப்பாக வட்டம் வைத்தான். கோப்புகளுக்கு செங்கல்–1, செங்கல்–2 என்று பெயரிட்டார்கள்.

4

செங்கல்வராயன் எப்படிப்பட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் படியில் அவருக்குத் தொப்பை, வெற்றிலைக் கறை, சிவந்த கண்கள் எல்லாம் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது, நானும் நியாஸ் செய்ததைத்தான் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது அவர் ஒல்லியான மனிதர். கத்துவார். உருளைகள் ஓடும்போது கத்தாவிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. ஆனால் உருளைகள் நின்ற பிறகும் கத்துவார். பத்து நிமிடம் தாமதமாக வந்தவனுக்கு அரை நாள் சம்பளம் வெட்டுவார். எல்லார் முன்னாலும் தாயை இழுத்துத் திட்டுவார்.

ஒருநாள் பழுத்த கம்பி தடம் மாறி உருளையிலிருந்து பாம்பு போல எகிறியது. அவர் விஜயகுமாரின் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவன் நின்ற இடத்தில் கம்பி விழுந்து சுருண்டது. இழுத்த கையோடு கன்னத்தில் ஒன்று வைத்து, அவன் அம்மாவை ஒரு வார்த்தையும் சொன்னார். விஜயகுமார் அன்று மாலை பிரவுசிங் சென்டருக்கு வந்து, உயிர் பிழைத்ததைப் பற்றிப் பேசவில்லை. அந்த வார்த்தையைப் பற்றித்தான் பேசினான்.*

மோட் தயாரானதும் மில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் சின்னதுரை. உருளையில் விஜயகுமாருக்கு எதிர்ப் பக்கம் நிற்பவர், குடும்பஸ்தர். திரையில் தங்கள் மில்லைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார்.

“டேய், நம்ம டீ டிரம்மு கூட கீதுடா!”

“பின்னால பாருண்ணா, வர்றாரு,” என்றான் விஜயகுமார்.

உலைப் புகையிலிருந்து செங்கல்வராயன் நீள இடுக்கியோடு நடந்து வந்தார். சின்னதுரை அனிச்சையாக நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். கடையே சிரித்தது.

“உக்காருண்ணா, இங்க அவரு சம்பளம் வெட்ட முடியாது. நீதான் அவர வெட்டணும்.”

“அப்டியா சேதி?” சின்னதுரை உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். “லீவு கேட்டா தர மாட்ட? எங்கொயந்தைக்கு ஜொரம்னு சொன்னா, நீ டாக்டரான்னு கேட்ப? இந்தா. இத்தயும் வாங்கிக்கோ.”

அதன் பிறகு ஷிஃப்ட் விட்டதும் யாராவது வந்து ஃபோர்மேனைச் சுட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினார்கள். இதில் விசித்திரம் என்னவென்றால், மில்லில் சண்டை குறைந்தது. திட்டு வாங்கியவர்கள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்கள். பசங்கள் திருந்திவிட்டதாக செங்கல்வராயன் நினைத்திருக்கலாம்.

* காப்பாற்றியதால் அவர் நல்லவர் என்று நான் வாதாடவில்லை. இரண்டும் ஒரே கையால் நடந்தன. அவ்வளவுதான்.

5

இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டி எழுதிப் பார்த்தேன், கை கூசியது.

காலை ஷிஃப்டுக்கு செங்கல்வராயன் வரவில்லை. அப்படி நடந்ததே இல்லை.

“இன்னாபா, ஆளக் காணோம்? மய கொட்டப் போவுது,” என்றார் சின்னதுரை. எல்லாரும் நிதானமாக டீ குடித்தார்கள். ஒருவன் அவரைப் போலவே இடுப்பில் கைவைத்து நடந்து காட்டினான். விஜயகுமார் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

அப்போது கேட்டிலிருந்து வாட்ச்மேன் வீரராகவன் வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். ஃபோர்மேன் கவரைப்பேட்டையில் தண்டவாளத்தைக் கடக்கும்போது எக்ஸ்பிரஸில் அடிபட்டுவிட்டார் என்றார். “மூஞ்சியே இல்லியாம்,” என்றார்.

விஜயகுமார் நாற்காலியிலிருந்து எழவில்லை. கால்மேல் போட்ட காலை இறக்கவும் தோன்றவில்லை. முந்திய மாலைகூட அவன் அவரைக் கொன்றிருந்தான். அவர் விழுவதும், பொத்தானைத் தட்டினால் மறுபடி உலைப் பக்கமிருந்து நடந்து வருவதும் அவன் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது. அதனால் அந்த நொடியில் அவன் மனதில் முதலில் வந்தது துக்கம் அல்ல. ‘திரும்ப வருவாரு.’

வந்த எண்ணத்தை அவனே கேட்டான்.

6

மறுநாள் மதியம் மில் ஆட்கள் மாலையோடு சாவு வீட்டுக்குப் போனார்கள். பஸ் நிறுத்தச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. முன்னால் போன சின்னதுரை அதைப் பார்த்ததும் நின்றார். விஜயகுமார் அவர் முதுகில் மோதிக்கொண்டான்.

செங்கல்வராயன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரிய தலை. பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் கலங்கியிருந்தது. நெற்றியின் நடுவில் வட்டமாக, கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு.

விஜயகுமார் கிட்டே போய்ப் பார்த்தான். அந்த வட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தது. வழிந்த ரத்தத்தைத் துடைத்தபோது அவன் விட்டுவிட்ட பிசிறு.

அங்கே நின்ற எல்லாரும் அந்த நெற்றியில் சுட்டவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். அடுத்த சுவரிலும் அவர்தான். டீக்கடைத் தட்டியிலும் அவர்தான். தெருமுனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் வட்டம் உள்ளங்கை அகலம் இருந்தது. பந்தலுக்குள் மூடிக் கட்டிய உடம்பு. திறந்து காட்ட முகம் இல்லாததால், தலைமாட்டில் அந்தப் போஸ்டரையே அட்டையில் ஒட்டிச் சாய்த்து வைத்திருந்தார்கள். மனைவி பச்சையம்மா அந்த நெற்றியைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தாள்.

சின்னதுரை மாலையைப் போட்டார். மாலை நெற்றியை மறைத்தது. யாரோ ஒரு பெண் வந்து, முகம் தெரிய வேண்டும் என்று அதைக் கீழே தள்ளிவிட்டாள்.

7

விஜயகுமார் அங்கிருந்து நேரே பிரவுசிங் சென்டருக்குப் போனான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தான். நியாஸ் இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

“எப்டிடா அந்த மூஞ்சிய குட்த்த?”

“கத்தாத. ஒக்காரு.”

“எப்டிடா குட்த்த? அவ்ளோ திமிரா உனுக்கு?”

“திமிரா? கேளு நைனா, கேட்டுட்டு அடி.”

செங்கல்வராயனின் மச்சான் குப்புராஜ் முந்திய நாள் ஓடிவந்திருக்கிறார். போஸ்டர் போடணும் பாய், இப்போ கீற மாதிரி போட்டோவே இல்லை, பசங்க செல்போனில் எடுத்ததாக மாமா சொன்னார், உங்களிடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறார். நியாஸ் பதற்றத்தில் கோப்பைத் திறந்தான். செங்கல்–1க்குப் பதில் செங்கல்–2.

“தெறந்தவொடனே மூடப் போனேன்டா. அந்தாளு பின்னால நின்னுக்கினு கீறான். ‘ஹாங், இதான் பாய், பொட்டோட லட்சணமா கீறாரு, இதையே போடு’ன்றான். சரின்னு பொட்ட அழிக்கலாம்னு மவுச வெச்சேன். எங்கைய புட்ச்சிக்கினான்.”

“இன்னான்னு?”

“‘அத்த ஏன் பாய் எட்க்கற?’ன்னான்.” நியாஸ் மவுஸைத் தள்ளி வைத்தான். “நான் இன்னா சொல்றது? நீயே சொல்லு. நான் ஒரு துலுக்கன். அவங்க ஊட்ல சாவு. செத்தவரு நெத்திப் பொட்ட நான் அழிச்சா அதுக்கு இன்னா அர்த்தம்? அது பொட்டு இல்ல, துப்பாக்கி குண்டுன்னு சொல்லட்டா? அப்போ ரெண்டாவது மூஞ்சி எதுக்குன்னு கேப்பான்ல?”

விஜயகுமார் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

[வாசகர்களில் சிலர் கேட்பார்கள்: இன்னொரு கோப்பு பக்கத்திலேயே இருந்ததே, இதைவிட நல்ல படம் ஒன்று இருக்கிறது என்று சொல்லித் திறந்திருக்கலாமே? திறந்திருக்கலாம். நானும் நியாஸுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்து ஒரு படி எழுதிப் பார்த்தேன். “வேற ஒண்ணு கீதுங்க” என்று தொடங்கினான். குப்புராஜ் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். அவன் அந்த வாக்கியத்தை— ஆமாம், அவனும் அங்கேயே விட்டுவிட்டான்.]

குப்புராஜ் போன பிறகு நியாஸ் பயத்தில் எல்லாவற்றையும் அழித்திருந்தான். முகங்கள், வரைபடங்கள், ஒலிகள், விளையாட்டைப் பிரித்துத் தைக்கும் மென்பொருள்கள். கடைசிக் கணினியில் கட்டி முடித்த விளையாட்டு மட்டும் மிச்சம் இருந்தது.

“அது ஏன் வெச்ச?”

“எனுக்கு அழிக்க மனசு வர்ல. நீ அழி.”

விஜயகுமார் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தான். அழிக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டது. அவனாலும் முடியவில்லை.

8

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் மாலை ரோஜா பிரவுசிங் சென்டருக்கு வந்தாள். செங்கல்வராயனின் ஒரே மகள். தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. அப்பாவைப் போலவே ஒல்லி. நியாஸ் அவளைப் பார்த்ததும் டீ சொல்லிவிட்டு வருவதாக வெளியே போனான். திரும்பி வரவில்லை. கடையில் விஜயகுமார் மட்டும் இருந்தான்.

“அண்ணா, போஸ்டர்ல போட்டீங்களே, அதே போட்டோ பொட்டு இல்லாம கெடைக்குமா? ஃபிரேம் போடணும். நைனா பொட்டே வெச்சிக்க மாட்டாரு. வேர்வைல கண்ணுல எறங்குதும்பாரு.”

“அழிஞ்சிபோச்சும்மா.” அது உண்மைதான்.

அவள் தலையாட்டினாள். போகவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: “சின்னதுரை மாமா காரியத்தன்னிக்கு குட்சிட்டு வந்து ஓன்னு அழுதாரு. கம்ப்யூட்டர்ல நைனா நடக்கறாருன்னாரு. பேசறாருன்னாரு. எம்பேர கூட சொல்றாராமே?”

விஜயகுமார் கடைசிக் கணினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

இங்கே நான் நிறுத்தி விளக்க வேண்டும். அந்த விளையாட்டில் எதிரிக்குக் குரல் வைக்க மூன்று இடங்கள் உண்டு. ஆடுபவனைப் பார்த்ததும் ஒன்று, அடிபட்டதும் ஒன்று, சாகும்போது ஒன்று. முதலிரண்டுக்கும் செங்கல்வராயனின் திட்டுகள் செல்போனில் தாராளமாகக் கிடைத்தன. மூன்றாவதற்கு ஒன்றும் பொருந்தவில்லை. ஒருநாள் கேன்டீனில் விஜயகுமார் திட்டைப் பதிவு செய்யக் காத்திருந்தபோது, அவர் மகளுக்குப் போன் போட்டார். யாரும் கேட்டிராத ஒரு குரலில் சாப்பாட்டை விசாரித்தார். “ரோஜா, துன்ட்டியா கண்ணு?”

விழும்போது வில்லன் அப்படிச் சொன்னால் எவ்வளவு சிரிப்பாக இருக்கும்! வைத்தார்கள். இருந்தது. மொத்தக் கடையும் சிரித்தது.

இப்போது அவள் கேட்கிறாள். அந்தக் குரலைத் தனியே எடுத்துக் கொடுக்க வழியில்லை. ஒலிக் கோப்பு செல்லிலும் கணினியிலும் அழிந்துவிட்டது. அது அந்த விளையாட்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அவர் நெற்றியில் சுட வேண்டும். முதல் குண்டில் பொட்டு வரும். அதற்குப் பிறகும் சுட வேண்டும். அப்போதுதான் பெயரைச் சொல்வார்.

முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: மின்சாரம் போய்விடுகிறது. [அந்தப் பகுதியில் நம்பத்தகுந்ததுதான். ஆனால் மின்வாரியத்தின் பின்னால் போய் ஒளிந்துகொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.]

இரண்டு: விஜயகுமார் அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தானே ஆடி, குரலை மட்டும் கேட்க வைக்கிறான். [வெடிச் சத்தமும் பெயரும் ஒரே ஸ்பீக்கரில்தான் வரும். ஒன்றுக்கு அடுத்து மற்றது. சுட்ட பிறகுதான் பெயர் வருகிறது என்று கேட்பவளுக்குத் தெரிந்துவிடும்.]

மூன்று: எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அவள்— [அறைந்தாள் என்று எழுதினேன். அழுதாள் என்று எழுதினேன். மன்னித்தாள் என்றுகூட ஒரு முறை எழுதி, உடனே அடித்தேன். அம்மா தடவித் தடவி அழுதது எதை என்று தெரியவரும்போது அவள் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவன் மாதிரி எழுத முடியவில்லை.]

ஆகவே நடந்ததுவரை சொல்கிறேன்.

விஜயகுமார் வாயைத் திறப்பதற்குள் ரோஜா கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “எதுண்ணா, இதானே?” அவன் கை தானாகப் போய் விளையாட்டைத் திறந்தது. நடப்பதற்கான பொத்தான்களைக் காட்டினான். மற்றதைக் காட்டவில்லை. திரையின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் துப்பாக்கியை அவள் ஏதோ மில் கருவி என்று நினைத்தாள். கேட்கவும் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

மில் வந்தது. “இங்கதான் வேலை பாத்தாரா?” என்றாள். அவள் அதை உள்ளே வந்து பார்த்ததே இல்லை.

உலைப் பக்கமிருந்து செங்கல்வராயன் நடந்து வந்தார்.

“டேய், இன்னாடா வேடிக்கை பாத்துக்கினு கீற?”

ரோஜா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. “ஐயோ, அப்டியே கீதுண்ணா. ஊட்லயும் இப்டித்தான் கத்துவாரு.”

அவர் நெருங்கினார். இடுக்கியை ஓங்கினார். திரை சிவந்து இருண்டது. ஆடுபவன் செத்தால் அப்படித்தான் ஆகும்.

“இன்னா ஆச்சு?”

“திரும்ப வருவாரு,” என்றான் விஜயகுமார். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

திரும்ப வந்தார். திட்டினார். ஓங்கினார். இருண்டது. மறுபடி. அவள் ஓடவில்லை, விலகவில்லை. அசையாமல் நின்றால் தன்னை அடையாளம் தெரிந்துகொள்வார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் நெருங்கும்போது முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“நல்லா பாரு நைனா, நாந்தான்.”

ஓங்கினார். இருண்டது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். “அண்ணா, எப்போ எம்பேர சொல்வாரு?”

இனி விஜயகுமார் ஏதாவது சொல்ல வேண்டும். இரண்டு வாரமாக இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் இவ்வளவு தூரம் அவனோடு வந்திருக்கிறீர்கள். அவனைச் சிரிக்கவைத்த இடங்களில் நீங்களும் சிரித்திருப்பீர்கள். அவனுக்காக நீங்கள் பேசுங்கள். மவுஸ் அவள் கையில்தான் இருக்கிறது. ஆள்காட்டி விரல் இடது பொத்தான் மேல் சும்மா கிடக்கிறது. அழுத்து என்று சொல்லலாம். எடு என்று சொல்லலாம்.

செங்கல்வராயன் உலைப் பக்கமிருந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டார். சீக்கிரம் சொல்லுங்கள்.